இரண்டு ஸ்விட்ச் இருந்தும் நெட்வொர்க் ஏன் நிற்கிறது?

பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் 3 தளங்கள், 300 பேர் கொண்ட ஓர் அலுவலகத்தை மனதில் வைத்துக்கொள்வோம். மேசையிலிருந்து வரும் கேபிள் அந்தந்தத் தளத்து ரேக்கில் உள்ள 48 போர்ட் ஸ்விட்சில் முடிகிறது. இது ஆக்சஸ் ஸ்விட்ச். அங்கிருந்து சர்வர் ரூமுக்குப் போகும் ஃபைபர் இணைப்பு அப்லிங்க். எல்லா அப்லிங்குகளும் வந்து சேரும் பெரிய ஸ்விட்ச்தான் கோர். கோர் ஒன்றே ஒன்று என்றால், அதன் பவர் சப்ளை போன நிமிடத்திலேயே 300 பேருக்கும் வேலை நின்றுவிடும். அதனால்தான் இரண்டாவது கோர் வாங்குகிறார்கள், ஒவ்வொரு தளத்திலிருந்தும் இரண்டு அப்லிங்க் இழுக்கிறார்கள்.

இப்படி ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்பது ரிடண்டன்சி. ஒன்று விழுந்ததும் மற்றது தானாக வேலையை ஏற்பது ஃபெயில்ஓவர். ரிடண்டன்சியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஃபெயில்ஓவரை ஒவ்வோர் அடுக்கிலும் அமைத்து, பிடுங்கிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். இரண்டு கோர் இருந்தும் அலுவலகம் நின்றுபோன சம்பவங்களைக் கிளறினால், பெரும்பாலும் இந்த இரண்டாம் வேலை பாதியில் விடப்பட்டிருக்கும்.

இரண்டாவது கேபிள் கொண்டுவரும் லூப்

ஸ்விட்சுகளுக்கு இடையே இரண்டு பாதை வந்துவிட்டால் ஒரு வட்டம் உருவாகிறது. இதுதான் லூப். ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ரவுட்டரைத் தாண்டும்போதெல்லாம் அது ஒன்று குறையும். சுழியம் ஆனதும் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஸ்விட்சுகளுக்கு இடையே அந்த பாக்கெட்டைச் சுமக்கும் உறையான ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் "192.168.10.1 யாருடையது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பிராட்காஸ்ட் அனுப்புகிறது என்று வையுங்கள். ஸ்விட்ச் அது வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் அதை வெளியே விடும். வட்டம் இருந்தால் அந்த ஒரே கேள்வி முடிவில்லாமல் சுற்றும். சுற்றும்போதே நகல்களும் பெருகும். சில நொடிகளில் இணைப்பு முழுக்க நிரம்பிவிடும், ஸ்விட்சின் சிபியு திணறும். ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண் மேக் முகவரி. எந்த மேக் முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்ற அட்டவணை ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். ரேக்கில் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தாற்போலச் சிமிட்டினால், தொலைவிலிருந்து ஸ்விட்சுக்குள் லாகின் செய்ய முடியாவிட்டால், முதலில் லூப்பைச் சந்தேகியுங்கள்.

இதற்கு விடையாக 1985-இல் டிஇசி என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பொறியாளர் ராடியா பெர்ல்மன் உருவாக்கியதுதான் ஸ்பானிங் ட்ரீ. 1990-இல் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐ ட்ரிபிள் இ அமைப்பு அதை 802.1டி என்ற தரமாக வெளியிட்டது. அதன் வேலை எளிது. ஸ்விட்சுகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்குள் ஒன்றை வேராக, அதாவது ரூட்டாகத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு ஸ்விட்சும் ரூட்டுக்குப் போகும் மிகச் சிறந்த பாதையை வைத்துக்கொண்டு, வட்டத்தை உண்டாக்கும் போர்ட்டை அடைத்துவிடும். கேபிள் செருகியபடியே இருக்கும், அதில் டேட்டா மட்டும் போகாது. முதல் பாதை அறுந்தால் அடைத்த போர்ட் திறக்கும்.

எவ்வளவு நேரத்தில் திறக்கும் என்பதுதான் முக்கியம். பழைய ஸ்பானிங் ட்ரீயில் 30 முதல் 50 நொடி ஆகும். தகவல் காலாவதியாக 20 நொடி, பிறகு கேட்பதற்கு 15, கற்பதற்கு 15. போன் பேசிக்கொண்டிருப்பவருக்கு 50 நொடி என்பது அழைப்பு அறுந்ததற்குச் சமம். 2001-இல் வந்த ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ, நேரடியாக இணைந்த ஸ்விட்சுகளுக்கு இடையே கேபிள் அறுந்தால் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் மாறிவிடும். ஆகவே எந்தப் புது ஸ்விட்ச் கைக்கு வந்தாலும் எந்த வகை ஸ்பானிங் ட்ரீ ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். பழைய வகையிலேயே விடப்பட்ட ஸ்விட்சுகள் இன்றும் பல ரேக்குகளில் இருக்கின்றன.

அடுத்து ரூட் யார் என்று பாருங்கள். எல்லா ஸ்விட்சுக்கும் ஆலையிலிருந்து வரும் முன்னுரிமை எண் 32768. எண் சமமானால் மேக் முகவரி எது சிறியதோ அது ரூட். சிறிய மேக் முகவரி பெரும்பாலும் பழைய ஸ்விட்சுக்கே இருக்கும். அதாவது யாரும் எதையும் தொடாமல் விட்டால், இரண்டாம் தளத்தில் பேன்ட்ரிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கும் பத்து வருடத்து ஸ்விட்ச் மொத்த அலுவலகத்துக்கும் வேராகிவிடலாம். அதைக் கழற்றிய நாளில் எல்லாப் பாதைகளும் புதிதாகக் கணக்கிடப்படும். முதல் கோருக்கு 4096, இரண்டாம் கோருக்கு 8192 என்று கையால் எழுதிவிடுங்கள். இந்த எண் 4096-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். சிறிய எண் வெல்லும்.

மேசைப் பக்க போர்ட்டுகளுக்கும் இரண்டு வேலை உண்டு. அவற்றை எட்ஜ் போர்ட் என்று குறியுங்கள். சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்விட்சுகளில் இதற்கு போர்ட்ஃபாஸ்ட் என்று பெயர். குறிக்காவிட்டால் ஒருவர் லேப்டாப்பைக் கழற்றிச் செருகும் ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் அமைப்பு மாறிவிட்டதாக அறிவிப்பு போகும். மற்ற ஸ்விட்சுகள் கற்றுவைத்த மேக் அட்டவணையை அழித்துவிட்டு மறுபடி கற்கும். கூடவே பிபிடியு கார்டு என்ற காவல் அமைப்பையும் போடுங்கள். மேசை போர்ட்டில் இன்னொரு ஸ்விட்சின் ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் அது அந்த போர்ட்டையே மூடிவிடும். எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த 5 போர்ட் ஸ்விட்ச் டப்பா ஒன்றை மீட்டிங் ரூமில் வைத்து, ஒரு கேபிளின் இரு முனையையும் அதிலேயே செருகிவிடுவது எல்லா அலுவலகத்திலும் நடக்கும் காரியம். அந்த மாதிரி டப்பாக்களில் சில ஸ்பானிங் ட்ரீ செய்தியைக் கடத்தும், சில விழுங்கிவிடும். விழுங்கும் வகைக்கு பிபிடியு கார்டு போதாது. பிராட்காஸ்ட் அளவுக்கு வரம்பு வைக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோலும் வேண்டும்.

ஸ்பானிங் ட்ரீயைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2002 நவம்பரில் பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், ஸ்பானிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டி வளர்ந்திருந்த நெட்வொர்க் குலைந்து, ஏறக்குறைய 4 நாள் காகிதத்தில் எழுதி, ஆள்விட்டுக் கொடுத்தனுப்பித்தான் வேலை நடந்தது. அங்கே ஸ்விட்சுகளுக்குக் குறைவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல இணைத்துக்கொண்டே போனதுதான் கேடு.

அடைத்து வைக்காமல் இரண்டையும் ஓட்டுவது

காசு கொடுத்து இழுத்த ஃபைபரில் பாதி எப்போதும் சும்மா கிடப்பது யாருக்கும் பிடிக்காது. இரண்டு கேபிள்களை ஒரே கேபிள் போலக் கட்டிவிட்டால் வட்டம் இல்லை, அடைக்கவும் தேவையில்லை. இந்தக் கட்டை இரு முனையிலும் பேசி உறுதிசெய்யும் முறைக்கு எல்ஏசிபி என்று பெயர். ஒரு கேபிள் அறுந்தால் மற்றது தொடரும். பயன்படுத்துபவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

இங்கே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, 10 ஜிபிபிஎஸ் கேபிள் இரண்டைக் கட்டினால் ஒரே ஒரு பேக்கப் வேலைக்கு 20 கிடைக்காது. ஒரு உரையாடல் முழுவதும் ஒரே கேபிளில்தான் போகும். பல உரையாடல்கள்தான் பிரிந்து போகும். இரண்டாவது, எல்ஏசிபி இல்லாமல் "ஆன்" என்று நிலையாகக் கட்டுவது ஆபத்து. நடுவே செம்புக் கேபிளை ஃபைபராக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இருந்து அதற்கு அப்பால் ஃபைபர் அறுந்தால், இந்தப் பக்கத்து விளக்கு பச்சையாகவே எரியும். பாதி டேட்டா அந்தப் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, எல்ஏசிபிக்கு இரண்டு வேகம் உண்டு. மெதுவானது 30 நொடிக்கு ஒரு செய்தி அனுப்பி 90 நொடியில் கைவிடும். வேகமானது 1 நொடிக்கு ஒன்று, 3 நொடியில் கைவிடும். பல ஸ்விட்சுகளில் மெதுவானதுதான் ஆலை அமைப்பு.

இரண்டு கேபிளும் ஒரே கோரில் முடிந்தால் அந்தக் கோர் விழும்போது இரண்டும் போகும். ஆகவே ஒரு முனை முதல் கோரிலும் மறுமுனை இரண்டாம் கோரிலும் இறங்க வேண்டும். இதற்கு இரண்டு வழி.

ஒன்று ஸ்டாக். பல ஸ்விட்சுகளைப் பின்பக்கக் கேபிளால் வளையமாகக் கோத்து ஒரே ஸ்விட்ச் போல ஆக்குவது. தளத்து ரேக்குகளுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் மூளை ஒன்றுதான். மென்பொருள் குழம்பினால் மொத்த ஸ்டாக்கும் குழம்பும். மேம்படுத்தும்போது பெரும்பாலும் எல்லாம் சேர்ந்தே மறுதொடக்கம் ஆகும். ஸ்டாக்கில் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று: இரண்டு அப்லிங்கையும் முதல் ஸ்விட்சிலேயே செருகியிருப்பார்கள். அது விழுந்தால் மீதி ஸ்விட்சுகள் உயிரோடு இருந்தும் வெளியே போக வழியிருக்காது. ஒன்று முதல் ஸ்விட்சில், மற்றது கடைசி ஸ்விட்சில் இருக்கட்டும்.

மற்றது எம்லேக். சிஸ்கோவின் நெக்சஸ் வகை ஸ்விட்சுகளில் இதே கருத்துக்கு விபிசி என்று பெயர். இரண்டு கோரும் தனித்தனி மூளையோடு இருக்கும், கீழே உள்ள ஸ்விட்சுக்கு மட்டும் ஒன்று போலத் தெரியும். இரண்டும் ஒத்துப்போக ஒரு பியர் லிங்க் வேண்டும். அது அறுந்தால் "அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறதா?" என்று வேறு பாதையில் கேட்டறிய ஒரு கீப்பலைவ் இணைப்பும் வேண்டும். பியர் லிங்க் போய் கீப்பலைவ் இருந்தால், இரண்டாம் கோர் தன் எம்லேக் போர்ட்டுகளை மூடிக்கொண்டு ஒதுங்கும். இரண்டும் போனால் இருவருமே தலைவர் என்று நினைத்துக்கொள்ளும். அப்போது எந்த டேட்டா எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கீப்பலைவை பியர் லிங்க் போகும் அதே கேபிளிலேயே அனுப்பினால் அதை வைத்ததற்கே பயன் இல்லை. கோருக்கு எம்லேக், தளத்துக்கு ஸ்டாக் என்பது எங்கள் தேர்வு.

கேட்வே ஒன்றுதானே?

உங்கள் கம்ப்யூட்டரில் கேட்வே, அதாவது தன் நெட்வொர்க்கைவிட்டு வெளியே போகும் வாசல், என்று ஒரே ஒரு முகவரிதான் எழுதியிருக்கிறது. அந்த முகவரி முதல் கோரில் மட்டும் இருந்தால், இரண்டாம் கோர் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஒரே முகவரியை இரண்டு கோர்கள் பகிர்ந்துகொள்ளும் விஆர்ஆர்பி என்ற முறை இதைத் தீர்க்கிறது. 10.1.10.2 முதல் கோர், 10.1.10.3 இரண்டாம் கோர், 10.1.10.1 இருவருக்கும் பொதுவான மெய்நிகர் முகவரி. கம்ப்யூட்டர்களுக்குக் கொடுப்பது இந்த மூன்றாவதைத்தான். அதற்குத் தனி மேக் முகவரியும் உண்டு; தலைமை மாறினாலும் அது மாறாது. ஆகவே 300 கம்ப்யூட்டர்களும் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. புதுத் தலைவர் ஓர் அறிவிப்பை வெளியிடும்; அதைக் கேட்டு இடையில் உள்ள ஸ்விட்சுகள் அந்த மேக் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருத்திக்கொள்ளும்.

விஆர்ஆர்பி 1 நொடிக்கு ஒரு செய்தி அனுப்பும். 3 செய்தி தவறி, இன்னும் ஒரு நொடிக்குள்ளான சிறு இடைவெளியும் கழிந்தால் அடுத்தவர் தலைமை ஏற்பார். முன்னுரிமை 100 என்றால் மொத்தம் சுமார் 3.6 நொடி. இதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் எச்எஸ்ஆர்பி முறையில், ஆலை அமைப்பில் 3 நொடிக்கு ஒரு செய்தி, 10 நொடியில் முடிவு.

விஆர்ஆர்பி தலைவரும் ஸ்பானிங் ட்ரீ ரூட்டும் ஒரே கோராக இருக்க வேண்டும். வேறுவேறாக இருந்தால் டேட்டா எல்லாம் தேவையில்லாமல் கோர்களுக்கு இடையிலான இணைப்பைத் தாண்டிப் போகும். எலெக்ட்ரானிக் சிட்டி போக ஹெப்பால் சுற்றிப் போவது போலத்தான்.

விழுந்ததைவிட எழுந்ததால் வரும் கோளாறு ஒன்றும் இதில் இருக்கிறது. முதல் கோர் மறுதொடக்கம் ஆகி வந்ததும் "நான்தான் மூத்தவன்" என்று உடனே தலைமையைப் பறிக்கும். ஆனால் அதன் வெளிப்பக்க ரூட்டிங் இன்னும் எழுந்திருக்காது. உள்ளே வரும் டேட்டா எல்லாம் அங்கேயே செத்துப்போகும். தலைமை திரும்பப் பெறுவதற்குச் சில நிமிடத் தாமதம் வையுங்கள். கோர் முழுதாக எழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

மின்சாரமும் சாலையும்

ஸ்விட்சில் இரண்டு பவர் சப்ளை இருக்கிறது, இரண்டு வயரும் செருகியிருக்கிறது, அந்த இரண்டு வயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடிகின்றன. இது கதையல்ல, ரேக்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். ஏ பக்கம் ஒரு யுபிஎஸ், பி பக்கம் இன்னொரு யுபிஎஸ், ஒவ்வொரு ஸ்விட்சின் ஒரு வயர் ஏ-யில், மற்றது பி-யில் இருக்க வேண்டும். வயருக்குச் சிவப்பு, நீலம் என்று நிறம் வைத்துவிட்டால் தவறு கண்ணில் பட்டுவிடும். கட்டட எலெக்ட்ரீஷியனிடம் தமிழிலோ கன்னடத்திலோ கேட்டு, இரண்டு யுபிஎஸ்ஸும் மின்பலகையில் எந்தெந்த எம்சிபி பிரேக்கரிலிருந்து வருகின்றன என்பதையும் எழுதிவாங்குங்கள். ஒரே பவர் சப்ளை உள்ள ஸ்விட்சுக்கு, இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் எடுத்து மாற்றிக்கொடுக்கும் ஏடிஎஸ் பெட்டி ஒன்றை ரேக்கில் வைக்கலாம்.

சுமையைக் கணக்கிடுங்கள். இரண்டு யுபிஎஸ்ஸும் 60 சதவீதம் சுமையில் ஓடினால், ஒன்று விழுந்ததும் மற்றதன்மேல் 120 சதவீதம் விழும். அதுவும் டிரிப் ஆகும். பாதிக்கு மேல் போகக் கூடாது என்ற இதே கணக்கு அப்லிங்குக்கும் பொருந்தும். நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சில் இன்னும் கவனம் வேண்டும். 48 போர்ட்டுக்கும் 30 வாட் கொடுக்க 1440 வாட் தேவை. 1100 வாட் சப்ளை இரண்டைச் சேர்த்துத்தான் அதைக் கொடுக்கிறது என்றால், ஒன்று போனதும் ஸ்விட்ச் உயிரோடு இருக்கும், ஆனால் ஐபி போன்களும் வைஃபை கருவிகளும் கேமராக்களும் வரிசையாக அணையும். எவை கடைசியாக அணைய வேண்டும் என்ற முன்னுரிமையை போர்ட்டுக்கு போர்ட் எழுதலாம். அதைச் செய்பவர்கள் குறைவு.

கட்டடத்துக்கு வெளியே பெங்களூருக்கே உரிய தொல்லை காத்திருக்கிறது. இரண்டு நிறுவனங்களிடம் இன்டர்நெட் வாங்கியிருப்பீர்கள். இரண்டு ஃபைபரும் ஒரே குழாயில் வந்தால் மெட்ரோ வேலைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டும் ஒரு ஜேசிபி இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். பில்லில் பெயர் வேறாக இருப்பது பாதை வேறு என்பதற்குச் சான்றல்ல. கட்டடத்திலிருந்து அவர்களுடைய முனையம் வரை வழித்தட வரைபடம் கேளுங்கள். ஒன்று முன்வாசல் குழாய் வழியாகவும் மற்றது பின்பக்கமாகவும் வரட்டும். முடியாவிட்டால் ஒன்றை மொட்டைமாடி ரேடியோ இணைப்பாக வாங்குங்கள். 2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோடே மூழ்கியது. யுபிஎஸ்ஸும் ஃபைபர் நுழையும் பெட்டியும் பேஸ்மென்டில் இருந்தால் அவை இரண்டுக்கும் எதிரி ஒரே தண்ணீர்தான்.

அரை உயிரோடு இருப்பது

முழுதாகச் செத்த ஸ்விட்சைச் சமாளிப்பது சுலபம். ஃபைபர் ஜோடியில் ஓர் இழை மட்டும் அறுந்தால், ஒரு பக்கம் பேசும், மறுபக்கம் கேட்காது. ஸ்பானிங் ட்ரீ செய்தி வராததால் அடைத்துவைத்த போர்ட் "வட்டம் இல்லை" என்று நம்பித் திறந்துவிடும். அந்த நொடியில் லூப். இதைப் பிடிக்க யுடிஎல்டி, லூப் கார்டு என்ற இரண்டு அமைப்புகள் உண்டு. ஃபைபர் அப்லிங்கில் இவற்றைப் போடாமல் விட வேண்டாம். இன்டர்நெட் பக்கமும் இப்படித்தான்: நிறுவனத்தின் கருவி வரை விளக்கு எரியும், அதற்கு மேல் ஒன்றும் போகாது. தொலைவில் ஒரு முகவரியை விடாமல் பிங் செய்து, பதில் நின்றால் பாதையை மாற்றும்படி அமைக்க வேண்டும்.

இன்னொன்று, இரண்டாம் பாதையில் மட்டும் ஒரு விலேன், அதாவது ஒரே ஸ்விட்சுகளுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க், விட்டுப்போவது. புதிதாக விலேன் 40 சேர்த்தவர் முதல் அப்லிங்கில் அனுமதித்துவிட்டு இரண்டாவதை மறந்திருப்பார். எட்டு மாதம் எல்லாம் ஓடும். மாறிய நாளில் கணக்குப் பிரிவு மட்டும் நின்றுபோகும், மற்றவர்கள் "எனக்கு வருகிறதே" என்பார்கள். வாரம் ஒருமுறை இரு கோர்களின் கான்ஃபிகரேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டில் ஒன்று விழுந்தால் உடனே அலாரம் வருகிறதா என்பதையும் பாருங்கள். ஃபெயில்ஓவர் நன்றாக நடந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது, அதனாலேயே முதல் பழுது மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டாவது விழும்போதுதான் வெளியே வரும்.

பிடுங்கிப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஸ்விட்சோடு நேரடியாகப் பேசும் கன்சோல் கேபிள், ஃபைபரை ஸ்விட்சில் இணைக்கும் எஸ்எஃப்பி உதிரியாக இரண்டு, முந்தைய நாள் எடுத்த கான்ஃபிகரேஷன் பேக்கப். தளத்தில் ஒரு லேப்டாப்பிலிருந்து கேட்வே, உள் சர்வர், வெளி முகவரி ஆகிய மூன்றுக்கும் 0.2 நொடிக்கு ஒரு பிங் ஓடட்டும். தவறிய பிங்கை 0.2-ஆல் பெருக்கினால் நின்ற நேரம் கிடைக்கும். 5 தவறினால் 1 நொடி.

கமாண்டால் போர்ட்டை மூடிச் சோதிப்பது போதாது, அது ஒழுங்கான மூடல். ஃபைபரைக் கையால் பிடுங்குங்கள். ஒரு தளத்தின் முதல் அப்லிங்க், பிறகு ஏ பக்க மின்வயர், பிறகு முதல் கோர் முழுதாக, கடைசியில் ஃபயர்வால். ஒவ்வொன்றுக்கும் இடையே 5 நிமிடம் பொறுங்கள். மறுபடி செருகும்போதும் பிங்கை எண்ணுங்கள். போகும்போது 1 நொடி நின்றது, திரும்பும்போது 40 நொடி நின்றால் தலைமை பறிக்கும் தாமதத்தையோ எட்ஜ் போர்ட் அமைப்பையோ சரிபார்க்க வேண்டும். எல்லாம் செருகி முடித்ததும் எஸ்எஃப்பியில் வரும் ஒளி அளவைப் பாருங்கள். சோதனைக்கு முன் இருந்ததைவிட 3 டிபி குறைந்திருந்தால் பாதி ஒளிதான் வருகிறது. பெரும்பாலும் முனையில் தூசி. துடைத்துவிட்டு மறுபடி அளந்து, தேதியோடு எழுதிவையுங்கள்.